ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்?

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் வழக்கமாக விசாரிப்பது டாக்டரைப் பற்றி, கருவிகளைப் பற்றி, கட்டணத்தைப் பற்றி. இரவு பத்து மணிக்கு மேல் அந்த வார்டில் எத்தனை செவிலியர்கள் பணியில் இருப்பார்கள், ஒவ்வொருவரும் எத்தனை பேரைக் கவனிப்பார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அறுவை சிகிச்சை முடிந்தவர் நலமாக வீடு திரும்புவதில் அந்த எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. இதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. ஆனாலும் நம்மிடையே செவிலியர் எண்ணிக்கை என்றாலே அது சம்பளச் செலவு, காலிப் பணியிடம், போராட்டம் என்ற வட்டத்துக்குள் நின்றுவிடுகிறது. அது சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்தின் அளவு குறைந்தால் நோய் கேட்காது என்பதுபோல, செவிலியரின் எண்ணிக்கை குறைந்தாலும் சிகிச்சை பலிக்காது.

2009-இல் மிச்சிகன் பல்கலைக்கழக அறுவை சிகிச்சை வல்லுநர்கள் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் 186 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 85,000 பேரின் விவரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இறப்பு மிகக் குறைவாக இருந்த மருத்துவமனைகளில் அது 3.5 சதவீதம், மிக அதிகமாக இருந்தவற்றில் 6.9 சதவீதம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. மோசமான மருத்துவமனைகளில் சீழ் பிடிப்பது, ரத்தக் கசிவு, நிமோனியா போன்ற சிக்கல்கள் அதிகம் வந்திருக்கும், அதனால்தான் அதிகம் பேர் இறந்திருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரி இருந்தது. இறப்பு அதிகமாக இருந்த மருத்துவமனைகளில் சிக்கல் வந்தவர்கள் 24.6 சதவீதம்; குறைவாக இருந்தவற்றில் 26.9 சதவீதம். ஏறக்குறைய சமம். வேறுபாடு அதற்குப் பிறகு வந்தது. பெரிய சிக்கலுக்கு ஆளானவர்களில், நல்ல மருத்துவமனைகளில் 12.5 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவற்றில் 21.4 சதவீதம் பேர்.

சிக்கல் எங்கும் வரும். வந்ததை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, எவ்வளவு சீக்கிரம் செயல்பட்டார்கள் என்பதில்தான் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி சில்பர் 1992-லேயே இதைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தார். சிக்கல் வருவது பெரும்பாலும் நோயாளியின் வயதையும் நோயின் கடுமையையும் பொறுத்தது, சிக்கல் வந்தவரைக் காப்பாற்றத் தவறுவது மருத்துவமனையின் தன்மையைப் பொறுத்தது என்பது அவருடைய முடிவின் சாரம்.

அப்படியானால் கண்டுபிடிப்பது யார்? அறுவை சிகிச்சை செய்த டாக்டர் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் வார்டுக்கு வருவார். மீதிப் பொழுது முழுவதும் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர் மட்டுமே. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவருக்கு உள்ளே ரத்தம் கசியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிபி உடனே இறங்கிவிடாது. முதலில் நாடித்துடிப்பு ஏறும். மூச்சு சற்று வேகமாகும். சிறுநீர் குறையும். கை கால் சில்லிடும், முகம் வெளுக்கும், ஆள் காரணமில்லாமல் நிலைகொள்ளாமல் புரளுவார். இளம் வயதினரின் உடல் இழப்பை நெடுநேரம் சமாளித்துக்கொண்டே வந்து, பிறகு திடீரெனச் சரியும். பிபி இறங்கியதைப் பார்த்துவிட்டு ஓடிவருவது என்பது பல நேரங்களில் காலம் கடந்த பிறகு வருவதுதான்.

அந்தச் சின்ன மாற்றங்களைப் பிடிக்க, ஒரே ஆளை ஒரே கண்கள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பார்த்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் இந்தப் பெரியவர் எப்படிப் பேசினார் என்று தெரிந்தவருக்குத்தான் இப்போது அவர் பேச்சு குழறுகிறது என்பது தெரியும். மூச்சை எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலைமை கெடுவதை மிக முன்கூட்டியே சொல்லும் அடையாளங்களில் அது ஒன்று. ஆனால் சரியாக எண்ண ஒரு முழு நிமிடம் நோயாளியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முப்பது பேர் இருக்கும் வார்டில் மூச்சை மட்டும் எண்ணவே அரை மணி நேரம். நாடி, பிபி, வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். தனியாக நிற்கும் செவிலியர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் இதை மட்டும் செய்தால் இந்தக் கணக்கு. ஊசி, டிரிப்ஸ், கட்டுப் போடுதல், புதிய அட்மிஷன், டிஸ்சார்ஜ் எதுவும் இதில் சேரவில்லை. பல வார்டுகளில் சார்ட்டில் எல்லோருக்கும் மூச்சு எண்ணிக்கை ஒரே எண்ணாக எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அதை எழுதியவரின் நேர்மையைச் சந்தேகிப்பதற்கு முன் அவர் கையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பதுதான் நியாயம்.

எண்ணிக்கைக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கும்படி சொன்னது, லிண்டா ஏக்கன் தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு. ஏக்கன் செவிலியராக இருந்து ஆய்வுக்கு வந்தவர். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள், 2,32,342 அறுவை சிகிச்சை நோயாளிகள். நோயாளிகளின் வயது, நோயின் கடுமை, மருத்துவமனையின் அளவு, வசதி ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துச் சமன் செய்த பிறகும், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நான்கு பேரைப் பார்க்கும் செவிலியரிடம் எட்டுப் பேரைக் கொடுத்தால் அது 31 சதவீதம். செவிலியர்கள் மனமும் உடலும் சோர்ந்துபோகும் வாய்ப்பும் ஒவ்வொரு கூடுதல் நோயாளிக்கும் 23 சதவீதம் ஏறியது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்விலும் அதே 7 சதவீதம் வந்தது.

எட்டுப் பேர் என்பதை அங்கே அபாயகரமான எண்ணிக்கையாகப் பேசுகிறார்கள். நம்முடைய அரசு மருத்துவமனைப் பொது வார்டை ஒருமுறையாவது பார்த்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்றுவிடுவார்கள்.

எதை விடுகிறார்கள்

ஆள் குறையும்போது வேலை எல்லாமே சம அளவில் குறைவதில்லை. அமெரிக்க செவிலியர் ஆய்வாளர் பியாட்ரிஸ் காலிஷ் 2006-இல் செவிலியர்களைக் குழுக்களாக உட்காரவைத்து, நேரம் போதாதபோது எதைச் செய்யாமல் விடுகிறீர்கள் என்று கேட்டார். நோயாளியை எழுப்பி நடக்க வைப்பது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு உணவு கொடுப்பது, வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவது, ஆறுதலாகப் பேசுவது, உடல் சுத்தம், உள்ளே போன நீரும் வெளியேறிய நீரும் எவ்வளவு என்று குறிப்பது, தொடர்ந்து கண்காணிப்பது. இவைதான் திரும்பத் திரும்ப வந்த பதில்கள்.

இந்தப் பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். ஊசி போடுவது இல்லை. டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுப்பது இல்லை. மருந்து கொடுத்ததற்குக் கையெழுத்து உண்டு. கொடுக்காவிட்டால் காலையில் கேள்வி வரும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் அன்று யாரும் கேட்க மாட்டார்கள். நான்காம் நாள் முதுகின் கீழ்ப்பகுதியில் தோல் சிவந்து, பத்தாம் நாள் படுக்கைப்புண்ணாகத் திறக்கும்போது, அது நோயின் விளைவாகவே எழுதப்படும். நடக்க வைக்காதவருக்குக் காலில் ரத்தம் உறையலாம். நெஞ்சில் சளி தேங்கி நிமோனியா வரலாம். இன்சுலின் போடச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியவர் ஒரு வாரத்தில் மீண்டும் அட்மிட் ஆவார். செய்யாமல் விட்ட வேலைக்குப் பதிவேடு கிடையாது. அதனால்தான் ஆள் குறைப்பு செலவில்லாத சிக்கனம் போலத் தோன்றுகிறது. அதன் செலவு வேறு கணக்கில், பல நாள் கழித்து ஏறுகிறது.

நம் ஊரில் இந்த வெற்றிடத்தை நிரப்புவது நோயாளியுடன் தங்கும் உறவினர். புரட்டிப் படுக்க வைப்பது, மலம் சிறுநீர் எடுப்பது, கஞ்சி ஊட்டுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் மனைவியோ மகளோ செய்கிறார். "சிஸ்டர், டிரிப்ஸ் முடியப்போகிறது" என்று ஓடிச் சொல்வதும் அவர்தான். இந்த அன்பும் உழைப்பும் பெரியவை. ஆனால் மூச்சு வேகமானதையும் குழப்பமான பேச்சையும் தூக்கக் கலக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டால் அது அவருடைய குற்றமாகாது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்து பத்து நாள் தங்கும் அந்த உறவினரின் வருமான இழப்பும் எந்த மருத்துவமனையின் பட்ஜெட்டிலும் வருவதில்லை. துணைக்கு யாருமே இல்லாத நோயாளியின் நிலையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூப்பிட்டால் சிஸ்டர் வருவதில்லை, வந்தாலும் எரிந்து விழுகிறார் என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. அது போய்ச் சேரும் இடம்தான் தவறு. ஒருவர் முப்பது பேருக்குப் பதில் சொல்லும்படி பணிப்பட்டியலைப் போட்டவர் அந்த நேரத்தில் வார்டில் இருப்பதில்லை.

கலிஃபோர்னியா செய்தது

ஒரு சந்தேகம் எழலாம், எழவும் வேண்டும். பணம் படைத்த மருத்துவமனைகளில் செவிலியர்களும் அதிகம் இருப்பார்கள், நல்ல டாக்டர்களும் கருவிகளும் இருக்கும். அப்படியானால் உயிரைக் காப்பது செவிலியர் எண்ணிக்கையா, பணமா? ஒரு காலத்தின் விவரங்களை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகளால் இதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. எண்ணிக்கையைச் சட்டம் போட்டு மாற்றிய இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்பது ஒரு வழி.

கலிஃபோர்னியாவில் 1999-இல் ஆளுநர் கிரே டேவிஸ் கையெழுத்திட்ட சட்டம், வார்டு வாரியாக ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் எத்தனை நோயாளிகள் என்று விதிக்கச் சொன்னது. 2004 ஜனவரி 1 அன்று விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஐசியுவில் இருவருக்கு ஒருவர், குழந்தைகள் வார்டிலும் அவசரப் பிரிவிலும் நால்வருக்கு ஒருவர், பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டில் ஆறு பேருக்கு ஒருவர். மறு ஆண்டு ஆறு என்பது ஐந்தாகக் குறைய வேண்டும். அதற்குள் ஆளுநராகிவிட்ட அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர், மருத்துவமனை நிர்வாகங்களின் கோரிக்கையை ஏற்று அந்தக் குறைப்பைத் தள்ளிவைத்தார். செவிலியர் சங்கம் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடியது. 2005 மார்ச்சில் நீதிமன்றம் ஆளுநரின் முடிவைத் தவறு என்றது. ஐந்து பேருக்கு ஒருவர் என்ற விதி நின்றது. அந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அது எல்லா நேரத்துக்கும் பொருந்தும் என்பது. சாப்பாட்டு இடைவேளைக்குப் போகும் செவிலியருக்குப் பதிலாகவும் இன்னொருவர் நிற்க வேண்டும்.

ஏக்கன் குழு இதையும் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளைச் சொன்னது. கலிஃபோர்னியாவின் பொது வார்டுகளில் ஒரு செவிலியர் பார்த்த நோயாளிகள், அப்படிச் சட்டம் இல்லாத நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களைவிடச் சராசரியாக இருவர் குறைவு. கலிஃபோர்னியாவின் அளவை எட்டியிருந்தால் அறுவை சிகிச்சை இறப்புகள் நியூ ஜெர்சியில் 13.9 சதவீதமும் பென்சில்வேனியாவில் 10.6 சதவீதமும் குறைந்திருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. இதற்கு மறுபக்கமும் உண்டு. சட்டம் வந்த தொடக்க ஆண்டுகளில் கலிஃபோர்னியாவுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஒப்பிட்ட சில ஆய்வுகளில், நோயாளிகள் கீழே விழுவதும் படுக்கைப்புண்ணும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இன்னும் தெளிவான சோதனை. அங்கே 2016 ஜூலையில் 27 அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும், பகலில் சராசரியாக நால்வருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று விதி வந்தது. அந்த விதி பொருந்தாத 28 மருத்துவமனைகளோடு இவற்றை ஒப்பிட்டு 2021-இல் ஆய்வு வெளியானது. விதி வந்த இடங்களில் இறப்பும் மீண்டும் அட்மிட் ஆவதும் மற்ற இடங்களைவிட நல்ல நிலையில் இருந்தன. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். மிச்சமான படுக்கை நாட்களையும் தவிர்த்த மறு அட்மிஷன்களையும் பணமாக்கிப் பார்த்தால், கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. கட்டுப்படியாகாது என்று நிதித்துறைகள் சொல்லும் பதிலுக்கு இதைவிட நேரான மறுமொழியை நான் படித்ததில்லை.

ஒரே மருத்துவமனைக்குள்ளேயே பார்த்த ஆய்வும் இருக்கிறது. ஜாக் நீடில்மனும் சக ஆய்வாளர்களும் ஒரு பெரிய அமெரிக்க போதனா மருத்துவமனையின் 43 பிரிவுகளில் 1,76,696 ஷிப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே இருக்க வேண்டிய செவிலியர் நேரம் இருந்ததா என்று பார்த்தார்கள். அதே கட்டடம், அதே டாக்டர்கள், அதே கருவிகள். ஆள் குறைந்த ஷிப்டு ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் இறப்பு அபாயம் 2 சதவீதம் ஏறியது. அட்மிஷனும் டிஸ்சார்ஜும் இடமாற்றமும் வழக்கத்துக்கு மீறி நடந்த ஷிப்டுகளுக்கு 4 சதவீதம். புது நோயாளியைச் சேர்க்கும் அரை மணி நேரம், ஏற்கெனவே படுத்திருப்பவர்களிடமிருந்து எடுக்கப்படும் அரை மணி நேரம்தானே.

எதிர்த் திசையில் போன மருத்துவமனையும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை நிர்வாகம் 2006-ஐ ஒட்டி ஒரு கோடி பவுண்டு மிச்சப்படுத்தப் பணியிடங்களைக் குறைத்தது. நிதிநிலையைச் சீராக்கி, தன்னாட்சி அந்தஸ்து பெறுவது நோக்கம். 2008-இல் அந்த அந்தஸ்தும் கிடைத்தது. அதே ஆண்டுகளில் வார்டுகளில் முதியவர்கள் தங்கள் மலத்திலேயே கிடந்தார்கள், கைக்கெட்டாத இடத்தில் தண்ணீர் வைக்கப்பட்டது, வலி மருந்து நேரத்துக்கு வரவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் கேட்டதால் விசாரணை வந்தது. ராபர்ட் பிரான்சிஸ் 2013 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. மறு ஆண்டு, பகல் ஷிப்டில் ஒருவர் எட்டுப் பேருக்கு மேல் பார்த்தால் ஆபத்து கூடுகிறது என்று அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் எச்சரித்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 2015-இல், செவிலியர் எண்ணிக்கைக்கு வழிகாட்டும் அந்த வேலையைத் தொடர வேண்டாம் என்று அதனிடம் சொல்லப்பட்டது. வேல்ஸ் 2016-இல் சட்டம் இயற்றியது.

நம் கணக்கு

இந்தியாவில் விதியே இல்லை என்று சொல்ல முடியாது. இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல், போதனா மருத்துவமனைப் பொது வார்டுகளுக்கு மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர். மற்ற பொது மருத்துவமனைகளுக்கு ஐந்து படுக்கைக்கு ஒருவர். கேட்டால் கலிஃபோர்னியாவைவிட மேலானதாகவே தோன்றும். இங்கேதான் கவனம் தேவை. கலிஃபோர்னியாவின் ஐந்து, அந்த நிமிடத்தில் வார்டில் நிற்பவரைக் குறிக்கிறது. நம்முடைய மூன்று, சம்பளப் பட்டியலில் இருப்பவரைக் குறிக்கிறது.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு செவிலியர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், ஓர் இடத்தில் எப்போதும் ஒருவர் நிற்க மூன்றரைப் பேர் வேண்டும். முப்பது படுக்கை வார்டுக்கு மூன்றுக்கு ஒருவர் என்றால் பத்துச் செவிலியர்கள். பத்தை மூன்றரையால் வகுத்தால் எந்த நேரத்திலும் நிற்பவர்கள் மூவருக்கும் குறைவு. அதாவது பத்துப் பேருக்கு ஒருவர். கவுன்சிலின் அட்டவணையே இதை ஷிப்டுக்கு ஒன்பது பேருக்கு ஒருவர் என்றும் குறிப்பிடுகிறது. ஐந்துக்கு ஒருவர் என்ற இரண்டாவது அளவுகோலை இதே கணக்கில் போட்டால், முப்பது படுக்கைக்கு இரண்டு பேர்கூடத் தொடர்ந்து நிற்க முடியாது. விடுப்புக்கென்று முப்பது சதவீதம் கூடுதல் இடங்கள் ஒதுக்க வேண்டும் என்பதும் அளவுகோலில் உண்டு. அந்த இடங்கள் காலியாக இருக்கும்போது ஈட்டிய விடுப்பும் மகப்பேறு விடுப்பும் இதே ஆட்களிலிருந்துதான் கழியும்.

இதில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, அளவுகோல் படுக்கைக்குத்தான், ஆளுக்கு அல்ல. அரசு மருத்துவமனை யாரையும் திருப்பி அனுப்பாது. முப்பது படுக்கை வார்டில் தரையில் பாய் விரித்தும் நோயாளிகள் இருப்பார்கள். அது அரசு மருத்துவமனையின் பெருமை. அதன் சுமையைத் தாங்குவது அதே இரண்டு மூன்று செவிலியர்கள். இரண்டு, செவிலியரின் நேரம் முழுவதும் நோயாளிக்குப் போவதில்லை. மருந்துக்கு இண்டெண்ட் (கேட்புச் சீட்டு) போடுவது, பதிவேடுகள், விரிப்புகளின் கணக்கு, காப்பீட்டுத் திட்டப் படிவங்கள் என்று எழுத்து வேலை ஏராளம். ஓர் எழுத்தரை நியமித்தால் முடியக்கூடிய வேலைக்கு, மூச்சை எண்ணத் தெரிந்த ஒருவரை மேசையில் உட்காரவைத்திருக்கிறோம்.

இரவில் இந்த நிலைமை இன்னும் இறுகுகிறது. காலை, மாலை ஷிப்டுகள் ஆறு மணி நேரமும் இரவு பன்னிரண்டு மணி நேரமும் என்ற ஏற்பாடு பல மருத்துவமனைகளில் இருக்கிறது. ஆள் மிகக் குறைவாக இருக்கும் ஷிப்டே மிக நீளமானது. பன்னிரண்டாவது மணி நேரத்தில், விடியற்காலை ஐந்து மணிக்கு, சார்ட்டில் எழுதும் எண்ணைச் சரியாக வாசிப்பதற்கு அசாத்திய உறுதி வேண்டும்.

பிரசவ அறையில் இது எப்படி வெளிப்படும் என்று பாருங்கள். குழந்தை பிறந்தபின் முதல் இரண்டு மணி நேரம் தாயைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று வயிற்றில் கைவைத்து அழுத்தி அறிய வேண்டும், ரத்தப்போக்கைத் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும், நாடி, பிபி. ஒரு தாய்க்கு எட்டு முறை. அடுத்தடுத்துப் பிரசவித்த நான்கு தாய்மார்களை ஒரே செவிலியர் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் முப்பத்திரண்டு முறை, நான்கு நிமிடத்துக்குள் ஒன்று. அடுத்த மேசையில் ஐந்தாவது பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போது இது நடக்காது. கருப்பை தளர்ந்து ரத்தம் கொட்டத் தொடங்கினால் சில நிமிடங்களில் கண்டுபிடித்து ஆக்சிடோசின் கொடுத்து, கருப்பையைத் தேய்த்துவிட்டு, டாக்டரை அழைக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துக் கண்டால் ரத்த வங்கிக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஆளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் வீதம் நியமித்து, முறை போட்டு இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டை மாநில அரசு கொண்டுவந்தது. அதுவரை மாலையில் பூட்டிக்கிடந்த நிலையங்களில் இரவிலும் ஒருவர் இருந்தார். கிராமத்துப் பெண்கள் அங்கே பிரசவத்துக்கு வரத் தொடங்கினார்கள். உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 2004-06-இல் 111, 2018-20-இல் 54. இந்த வீழ்ச்சிக்கு 108 ஆம்புலன்ஸ், சீமாங் மையங்கள் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்கள்), ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்யும் முறை, நிதியுதவி என்று பல காரணங்கள் உண்டு. செவிலியர்களை மட்டும் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அங்கே ஒரு செவிலியர் இல்லாமல் அந்த மற்ற ஏற்பாடுகளில் எதுவும் தொடங்கியிருக்காது.

அப்படிப்பட்டவர்களை நாம் எப்படி வேலைக்கு வைத்தோம் என்பதுதான் வருத்தமான பகுதி. அந்த நியமனங்கள் தொகுப்பூதியத்தில் நடந்தன. 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதித் தேறிய ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கும் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான். இரண்டு ஆண்டுகளில் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்று நம்பியிருந்தவர்கள், 2017 நவம்பர் இறுதியில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் கூடிப் போராடினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டபின் திரும்பினார்கள். பணிநிரந்தரம் கேட்கும் போராட்டம் அதன் பிறகும் ஓயவில்லை. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்ளப்பட்டது. இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர், வளைகுடாவிலோ அயர்லாந்திலோ இடம் கிடைத்ததும் போய்விடுகிறார். அவர் போகும்போது ஒரு வார்டைப் பற்றிய பல ஆண்டு அனுபவமும் சேர்ந்து போகிறது.

தனியார் துறையில் வேறொரு சிக்கல். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்றது. கேரளத்தில் செவிலியர்கள் தொடர்ந்து போராடி 2018-இல் அதை அரசாணையாகவே பெற்றார்கள். மற்ற இடங்களில் அது பெரும்பாலும் தாளில் தங்கியது. பல சிறு மருத்துவமனைகளில் சீருடை அணிந்து நிற்பவர்கள் முறையான செவிலியர் படிப்பு முடித்தவர்களே இல்லை. ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஐரோப்பிய மருத்துவமனைகளில் செய்து 2017-இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது: இருபத்தைந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் உதவியாளரை வைத்தால் இறக்கும் வாய்ப்பு 21 சதவீதம் கூடியது. உதவியாளர்கள் தேவை, அவர்களின் உழைப்பு மதிப்புள்ளது. செவிலியருக்குத் துணையாக அவர் வர வேண்டும், செவிலியரின் இடத்துக்கு அல்ல.

நூற்றுக்கணக்கான கோடியில் புதிய கட்டடம் திறப்பதைவிட, இருக்கும் வார்டில் ஷிப்டுக்கு ஒரு செவிலியரைக் கூட்டுவதே அவசரத் தேவை என்பது என் கருத்து. அதற்கு முன்பே, செலவில்லாமல் ஒன்றைச் செய்ய முடியும். ஸ்டாஃபோர்டு விசாரணைக்குப் பிறகு, 2014 முதல் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு வார்டும் அந்த ஷிப்டில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும், உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதி மாட்ட வேண்டியதாயிற்று. நியூ ஜெர்சியில் 2005 முதல் அதற்குச் சட்டமே இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் டாக்டர்களின் பெயரும் புறநோயாளி நேரமும் எழுதிய பலகைகள் ஏற்கெனவே உண்டு. வார்டு வாசலில் இன்னொன்று வைத்து ஷிப்டுக்கு ஒருமுறை மூன்று எண்களை எழுதலாம்: இப்போது உள்ளே எத்தனை நோயாளிகள், தரையில் படுத்திருப்பவர்களையும் சேர்த்து, அளவுகோலின்படி எத்தனை செவிலியர்கள், பணியில் எத்தனை பேர். இரவு ஷிப்டின் எண்களைக் கட்டாயம் எழுத வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால், பணம் கட்டும் கவுன்டருக்கு அருகிலேயே அந்தப் பலகை இருக்கலாம்.